உப்பு தின்ற லாரி

பி.காம். முதல் வருடம் கணக்குப்பதிவியலில் தேய்மானம் என்று ஒரு பாடம் வரும். யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஓர் இயந்திரம் ஒரு லட்சத்துக்கு வாங்கப்படும். நிறுவ ஐயாயிரம் ஆகும். பத்து வருடம் உழைக்கும். இறுதி மதிப்பு ஐயாயிரம். ஆக வருடத்துக்குப் பத்தாயிரம் தேய்மானம். கோடு போட்டது மாதிரி நேராகத் தேயும் இயந்திரம் அது. அப்படி ஒன்றை எந்தத் தொழிற்சாலையிலும் யாரும் பார்த்திருக்க முடியாது. ஆனால் கேள்வித்தாளில் மட்டும் வருடா வருடம் வந்துகொண்டே இருக்கும் :-)

ஆங்கிலத்தில் டிப்ரிசியேஷன் என்றால் விலை இறங்குவது. தமிழில் வைத்த பெயர் அதைவிட நேரடியானது. தேய்மானம் என்றால் தேய்வது, உரசி உரசிக் குறைவது. சந்தனக்கட்டை தேய்கிற மாதிரி, செருப்பு தேய்கிற மாதிரி. அந்தச் சொல்லுக்கு முழு அர்த்தத்தோடு ஓர் இயந்திரம் வேண்டுமென்றால் அமெரிக்காவின் வட மாநிலங்களுக்குப் போக வேண்டும். அங்கே குளிர்காலத்தில் சாலையில் விழுந்த பனியை ஒதுக்க ஸ்நோ ப்ளோ என்று ஒரு லாரி ஓடுகிறது. அது ஓடும்போது தேய்கிறது. சும்மா நிற்கும்போது அதைவிட வேகமாக அரிக்கப்படுகிறது. புத்தகத்தில் தேய்மானத்துக்கு முதல் காரணமாகப் போட்டிருப்பது 'பயன்படுத்துதல்'. இந்த லாரிக்கு அது பாதிக் காரணம்தான்.

சென்னை வெயிலில் உட்கார்ந்துகொண்டு பனி லாரியைப் பற்றி எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். பாதி வழியில் நம் ஊர் சாமான் ஒன்று வரும்.

முதலில் லாரி எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம். நம் ஊரில் ஜல்லி ஏற்றும் டிப்பர் லாரி தெரியுமல்லவா, அடிப்படையில் அதுதான். மூக்குக்கு முன்னால் வளைந்த பெரிய இரும்புத் தகடு. வலது பக்கத்தில் இறக்கை போல இன்னொரு தகடு. சில வண்டிகளில் வயிற்றுக்குக் கீழேயும் ஒன்று உண்டு. பின்னால் உப்புத் தொட்டி, அதன் அடியில் உப்பை இழுத்துவரும் சங்கிலி, கடைசியில் உப்பை வீசி இறைக்கும் சுழலும் தட்டு. தகடுகளை ஏற்றி இறக்க ஹைட்ராலிக். எல்லாம் பூட்டி முடித்தால் இன்றைய விலையில் இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் போகிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டு வாங்குகிறார்கள். ஓடுகிறதா என்பதுதான் கதை.

இவ்வளவு உப்பு எதற்கு? தண்ணீரில் உப்பு கலந்தால் உறையும் வெப்பநிலை இறங்கும். ஐஸ்வண்டிக்காரர் ஐஸ் கட்டியில் கல்லுப்பு போட்டுக் குல்பியை உறைய வைப்பதும் இதே வேதியியல்தான். நூற்றுக்கு 23.3 பங்கு உப்பு கலந்த தண்ணீர் மைனஸ் 21 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. சாலையில் அவ்வளவு தூரம் வேலைக்கு ஆகாது. ஏறக்குறைய மைனஸ் 9க்குக் கீழே போனால் சாதா உப்பு மந்தமாகிவிடும். அப்போது கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு என்று வேறு உப்புகளைச் சேர்ப்பார்கள். அமெரிக்காவில் சாலைக்கு உப்புப் போடுவதைப் பொதுவான கொள்கையாகவே முதலில் எடுத்துக்கொண்ட மாநிலம் நியூ ஹாம்ப்ஷயர், 1941-42 குளிர்காலத்தில். அந்தக் குளிர்காலத்தில் நாடு முழுவதற்கும் ஆனதே சுமார் 5,000 டன். இப்போது ஒரு வருடத்துக்குப் போவது கோடி டன்னுக்கும் மேல். உப்பளத்தில் காய்ச்சி எடுத்தால் இதற்குக் கட்டுப்படியாகாது, பூமிக்குள்ளிருந்து பாறையாக வெட்டுகிறார்கள். கனடாவில் ஹியூரான் ஏரிக்கு அடியில், அரை கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், காட்ரிச் என்ற ஊரில் இருப்பதுதான் உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம்.

அந்த உப்பைச் சுமப்பது இந்த லாரி. அதை முதலில் தின்பதும் இதுவே. காரில் போகிறவருக்கு டயர் தெறிக்கும் உப்புத்தண்ணீர் மட்டும்தான். லாரிக்குத் தலைக்கு மேல் உப்பு, காலுக்குக் கீழே உப்பு, முதுகில் டன் கணக்கில் உப்பு.

சரி, தேய்மானத்துக்கு வருவோம். ப்ளோ என்றால் ஏர். உழவனின் கலப்பையில் மண்ணைக் கிழிப்பது மரமல்ல, நுனியில் செருகியிருக்கும் கொழு. கொழு தேய்ந்தால் கொல்லன் பட்டறைக்கு எடுத்துப் போவார்கள். கலப்பை அப்படியே இருக்கும். (டிராக்டர் வந்த பிறகு பல ஊர்களில் பட்டறையும் இல்லை, கொழுவும் இல்லை. அது வேறு கதை.) இந்த லாரியின் முன் தகட்டுக்கும் ஒரு கொழு உண்டு. தகட்டின் அடி விளிம்பில் ஆறு அல்லது எட்டு அங்குல உயரத்தில் நீளமாக ஓர் இரும்புப் பட்டை, வரிசையாக போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். சாலையை உரசுவது அது மட்டும்தான். தகடு சாலையைத் தொடவே கூடாது.

சாதா இரும்புப் பட்டை என்றால் சில நாள் ஓட்டத்திலேயே தேய்ந்து தீர்ந்துவிடும். அதனால் விளிம்பில் டங்ஸ்டன் கார்பைடு துண்டுகளைப் பதித்துச் செய்கிறார்கள். அது பல மடங்கு உழைக்கும். ஆனால் கார்பைடுக்கு ஒரு குணம்: உரசலைத் தாங்கும், அடியைத் தாங்காது. பனிக்கடியில் மறைந்திருக்கும் சாக்கடை மூடியிலோ பாலத்து இணைப்பிலோ வேகமாக மோதினால் சில்லுச் சில்லாக உடையும். அதற்காகத் தகட்டில் ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். மோதியதும் விளிம்பு மடங்கி, தடையைத் தாண்டியதும் மறுபடி நிமிரும். அந்த ஸ்பிரிங்கும் அதன் கீல்களும் துருப்பிடித்து இறுகிவிட்டால் மடங்காது. மோதலின் மொத்த அடியும் சேஸிஸுக்கும் ஓட்டுநரின் முதுகெலும்புக்கும் போகும்.

இங்கே நம்ம கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. பட்டையை மாற்றச் சில நூறு டாலர். 'இன்னும் ரெண்டு விரல் இருக்கே, அடுத்த புயலுக்குத் தாங்கும்' என்று விட்டால், பட்டை முழுக்கத் தேய்ந்து பெரிய தகடே சாலையில் உரச ஆரம்பிக்கும். தகட்டை மாற்றப் பல ஆயிரம். சாலைக்கும் சேதம். ஆகவே போல்ட் தலைகள் தேய ஆரம்பிப்பதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். மாற்றுவதும் லேசில்லை. அரை அங்குலத்துக்கும் தடிமனான போல்டுகள் உப்பில் ஊறி நட்டோடு ஒட்டியிருக்கும். ஸ்பேனருக்கு மசியாது. கேஸ் கட்டரால் அறுத்து எடுக்கிற காட்சி சர்வ சாதாரணம். பழைய போல்டைத் திரும்பப் போடுவது கிடையாது. ஒரு பக்கம் அதிகம் தேய்ந்திருந்தால் பட்டையைத் திருப்பிப் போட்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவதும் உண்டு. புரோட்டாவைப் பிரட்டிப் போடுகிற மாதிரி.

தேய்மானத்தைக் கண்ணால் பார்க்கலாம், டேப் வைத்து அளக்கலாம். அரிப்பு அப்படியல்ல. அது உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்கும்.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்ஸிஜனும் போதும். உப்பு சேர்ந்தால் அந்தத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், துரு வேகம் பிடிக்கும். உப்பிலிருக்கும் குளோரைடு உலோகத்தின் மேல் இருக்கும் மெல்லிய பாதுகாப்புப் படலத்தையும் குத்தி உடைக்கும். துருப்பிடிக்காத இரும்பு என்று எவர்சில்வர் உப்புத்தொட்டி வாங்கி வைத்தாலும் குளோரைடு அதிலும் குழி பறிக்கும், கொஞ்சம் தாமதமாக. அதை அலுமினியத்தோடு சேர்த்து முடுக்கினால் அடுத்த சிக்கல். இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் உப்புத்தண்ணீர் என்றால் அது பேட்டரி. அலுமினியம் கரைந்துகொண்டே போகும்.

துருவுக்கு இன்னொரு கெட்ட பழக்கம், அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கனரக லாரிகளின் பிரேக் ஷூவில் லைனிங் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புத்தண்ணீர் புகுந்தால், நடுவில் துரு வளர்ந்து லைனிங்கைக் கீழிருந்து தூக்கும். லைனிங் விரிசல் விடும். கண்ணுக்குத் தேய்மானமே இல்லாத, பாதிக்கு மேல் ஆயுள் மிச்சமிருக்கும் பிரேக், குப்பைக்குப் போகும். கால்சியம், மக்னீசியம் குளோரைடுகள் பரவலான பிறகு இந்தத் தொல்லை கூடியது. அவை காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். அதனால் சாதா உப்பு காய்ந்து சும்மா கிடக்கும் நாட்களிலும் இவை ஈரமாகவே இருந்து அரிக்கும். சேஸிஸின் நீளச் சட்டங்கள் இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்ததாக இருந்தால் நடுவிலும் இதே கதைதான். துரு வீங்கி, தடித்த இரும்பையே நெளிய வைத்துவிடும்.

மெக்கானிக்குகளை அழவைப்பது ஆனால் இதெல்லாம் இல்லை, ஒயரிங். ஓர் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. மின்சாரம் வருகிறதா பார்க்க, அவசரத்தில் டெஸ்டரின் ஊசிமுனையை ஒயரின் பிளாஸ்டிக் உறையில் குத்திப் பார்க்கிறார் ஒருவர். வருகிறது. வேறெங்கோ கோளாறு, சரி செய்தாயிற்று, லாரி போயாயிற்று. அந்த ஊசி ஓட்டை வழியாக உப்புத்தண்ணீர் உள்ளே இறங்கும். தாமிரக் கம்பி இழைகளின் நடுவே விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி ஏறும். கொஞ்ச காலம் கழித்து, குத்திய இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, கம்பி பச்சைப் பொடியாக உதிரும். வெளியே உறை புதுசு மாதிரி பளபளவென்று இருக்கும். அதனால் விவரமான ஒர்க்‌ஷாப்புகளில் ஒயரைக் குத்தக் கூடாது, இணைப்பில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், பார்த்ததும் மின்கடத்தாக் கிரீஸ் தடவி மூட வேண்டும் என்பது சட்டம் மாதிரி. ஓர் ஊசிமுனை அளவு சோம்பல், அவ்வளவுதான்.

முன்பே சொன்ன நம் ஊர் சாமான் பாம்பன் ரயில் பாலம். 1914ல் திறந்தது. கடலுக்கு நடுவே உப்புக்காற்றில் நூறு வருடத்துக்கும் மேல் நின்றது. ஆட்கள் வருடம் முழுக்கத் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்ததால்தான் நின்றது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நிறுத்தப்பட்டது, 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய பாலம் வந்தது. பாம்பனில் கடல் செய்வதை அமெரிக்காவில் மனிதர்களே லாரியில் ஏற்றிப்போய்ச் செய்கிறார்கள். குளோரைடு ஒன்றுதான்.

இதற்கெல்லாம் மருந்து என்ன? ஏதோ பெரிய விஞ்ஞானம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். மருந்து, தண்ணீர். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்பார்கள். லாரிக்கும் அதே.

ஆனால் எப்போது என்பதில்தான் சூட்சுமம். இரவு முழுக்க, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், மைனஸ் பதினைந்து டிகிரியில் பனி ஒதுக்கிவிட்டு ஒருவர் விடிகாலையில் ஷெட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷெட் சூடாக இருக்கும். இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் டீசல் மெழுகு கட்டும், ஏர் பிரேக்கில் இருக்கும் ஈரம் உறையும், மறுநாள் வண்டி நகராது. வெளியே அந்தக் குளிரில் துரு கிட்டத்தட்டத் தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வந்ததும் ஒட்டியிருந்த பனியெல்லாம் உருகி, உப்புத்தண்ணீராகிச் சந்து பொந்தெல்லாம் இறங்கும். வெப்பம் கூடக் கூட அரிப்பின் வேகமும் கூடும். புயலில் பன்னிரண்டு மணி நேரம் ஓடியதைவிட, கதகதப்பான ஷெட்டில் கழுவாமல் நிற்கும் நேரம்தான் லாரிக்கு ஆபத்து. பத்திரமாக வீட்டுக்குள் கொண்டுவந்து விட்ட பிறகுதான் கொலை நடக்கிறது!

ஆக, களைத்துப்போன அந்த மனிதர், தூக்கம் கண்ணைக் கட்டும்போது, இன்னொரு வேலை செய்ய வேண்டும். தொட்டியில் மிச்ச உப்பைக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அது ஈரம் இழுத்துக் கல்லாகி, சங்கிலியைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் வாட்டர் சர்வீஸ். கண்ணுக்குத் தெரிகிற பக்கமெல்லாம் பளிச்சென்று கழுவிவிட்டுப் போவது சுலபம். கழுவ வேண்டியது சேஸிஸ் சட்டத்தின் மேல்முகம், சக்கரங்களின் உள்பக்கம், ரேடியேட்டர், உப்பு இறைக்கும் தட்டின் அடிவயிறு. அதிலும் அளவு உண்டு. ரொம்ப அழுத்தத்தில் பக்கத்தில் வைத்து அடித்தால் உப்புத்தண்ணீரே பேரிங்குக்குள்ளும் ஒயர் இணைப்புக்குள்ளும் ஏறிவிடும். கழுவியபின் கிரீஸ் அடிக்க வேண்டும், கழுவுவதற்கு முன்பு அல்ல. புது கிரீஸ் உள்ளே போகும்போதுதான் மூட்டுகளில் புகுந்த தண்ணீர் வெளியே வரும். ஹைட்ராலிக் சிலிண்டரின் பளபளப்பான தண்டில் குழி விழுந்திருக்கிறதா, ஹோஸ் முனைகளின் இரும்புப் பூண் துருவில் உப்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நடுச்சாலையில் ஹோஸ் வெடித்தால் தகட்டை ஏற்ற முடியாது.

கழுவிய தண்ணீரையும் வெளியே திறந்துவிட முடியாது. ஒரு தேக்கரண்டி உப்பு, 5 காலன், அதாவது சுமார் 19 லிட்டர், தண்ணீரை நிரந்தரமாகக் கெடுக்கும் என்று மினசோட்டாவின் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிக்கொண்டிருக்கிறது. கரைந்த உப்பை ஏரியிலிருந்து திரும்ப எடுக்க மலிவான வழி இல்லை. சில மாநிலங்களில் கழுவிய தண்ணீரைச் சேமித்து, எண்ணெயைப் பிரித்து, மறுபடி சாலையில் தெளிக்கும் உப்புநீராகவே ஆக்கிவிடுகிறார்கள். நல்ல யோசனை.

இப்போது மறுபடி கணக்குப் புத்தகத்தைத் திறக்கலாம். லாரி வாங்கியது முதலினச் செலவு. கழுவுவது வருவாயினச் செலவு: ஆள் கூலி, வெந்நீர், ஓவர்டைம். வாங்கிய செலவு பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்குப் பிரிந்து அமைதியாக எழுதப்படும். கழுவும் செலவு இந்த மாதமே, பளிச்சென்று, வரவுசெலவுக் கணக்கில் நிற்கும். பட்ஜெட் குறைக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தால் எதில் கை வைப்பார்கள்? கழுவாமல் விட்டதன் விலை அடுத்த மாதம் தெரியாது, அடுத்த வருடமும் தெரியாது. ஐந்தாறு வருடம் கழித்து, வேறொரு மேலாளரின் காலத்தில், 'எதிர்பாராத பழுது' என்ற தலைப்பில் வரும். செலவைக் குறைத்தவருக்குப் பாராட்டு, அவர் பதவி உயர்வில் போயிருப்பார். மெக்கானிக் சொல்லத்தான் செய்வார், ஆனால் அவர் பேச்சுக்குப் பேரேட்டில் கணக்குத் தலைப்பு கிடையாது. நேர்க்கோட்டு முறைக்கு லாரி கழுவப்பட்டதா இல்லையா என்று தெரியாது. கழுவிய லாரிக்கும் கழுவாத லாரிக்கும் ஒரே தேய்மானம் எழுதி, இரண்டுக்கும் ஒரே புத்தக மதிப்பைக் காட்டும். இது பாடத்தின் குறை அல்ல என்று பேராசிரியர்கள் சொல்லக்கூடும். குறைதான்.

சரி, ஒரு லாரி நின்றால் என்ன குடி முழுகிவிடும் என்றால், 2022 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரைப் பார்க்கலாம். கிறிஸ்துமஸ் சமயத்தில் அடித்த பனிப்புயலில் அந்த வட்டாரத்தில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே பனி ஒதுக்கும் வண்டிகள் சிக்கிக்கொண்டது துருவால் அல்ல, புயலின் மூர்க்கத்தால். ஆனால் அவை நகராதபோது என்ன ஆகும் என்பதை ஊரே பார்த்தது. ஆம்புலன்ஸ் போக முடியவில்லை, தீயணைப்பு வண்டி போக முடியவில்லை. உதவி கேட்டு அழைத்தவர்களிடம் யாரும் போய்ச் சேர முடியவில்லை. காருக்குள் மாட்டி இறந்தவர்களும் உண்டு, வீட்டுக்குள் சூடில்லாமல் இறந்தவர்களும் உண்டு. குளிர்காலத்தில் மற்ற எல்லா வண்டிகளும் இந்த லாரிக்குப் பின்னால்தான் வர முடியும். அப்படிப்பட்ட ஒரு ராத்திரியில், ஊசி குத்திய ஒயர் ஒன்று உதிர்ந்து ஒரு லாரி ஷெட்டிலேயே நின்றுபோனால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அந்த ஊர்க்காரர்கள் இந்த லாரிகளின் மேல் வைத்திருக்கும் பிரியமும் கொஞ்சநஞ்சம் அல்ல. மினசோட்டாவில் 2020-21 குளிர்காலத்திலிருந்து லாரிக்குப் பெயர் வைக்கப் போட்டி நடத்துகிறார்கள். முதல் வருடம் ஜெயித்த பெயர் ப்ளோவி மெக்ப்ளோஃபேஸ். அடுத்த வருடம், நடிகை பெட்டி வைட் மறைந்த சில வாரங்களில், பெட்டி வைட்அவுட். கண்ணை மறைக்கும் பனிப்புயலுக்கு வைட்அவுட் என்று பெயர், அதில் வந்த சிலேடை. நம் ஊர் லாரிகளின் நெற்றியில் குலசாமி பெயர் இருப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் வாக்கில் பனி ஓய்ந்ததும் தகடுகளைக் கழற்றி மரக்கட்டைகள் மேல் வைப்பார்கள், ஈரத் தரையைத் தொடாமல். ஹைட்ராலிக் தண்டுகளை உள்ளே இழுத்துவிட்டு, வெளியே நிற்கும் பாகத்தில் கிரீஸ் பூசுவார்கள். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின் கலந்த எண்ணெயைச் சேஸிஸின் மூலை முடுக்கெல்லாம் பீய்ச்சுவார்கள். (டொராண்டோவில் சித்தப்பா, மாமா யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், குளிர்காலத்துக்கு முன் காருக்கு எண்ணெய் அடித்தீர்களா என்று. ஒரு மணி நேரம் பேசுவார்.) கல் தெறித்து உரிந்த இடங்களைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடிப்பார்கள்.

வடக்கு டகோட்டா, அயோவா போன்ற மாநிலங்களில் சில தகடுகளைப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளைகள் அதில் படம் வரைவார்கள். பெரிய தகடு, நிறைய இடம், கலர் கலராகப் பெயின்ட். குளிர்காலம் தொடங்குவதற்குள் தகடு திரும்பி வரும். மெக்கானிக் அதன் அடியில் புதுப் பட்டை வைத்து, புதுப் போல்ட் போட்டு முடுக்குவார். நவம்பரில் முதல் பனி விழும். படத்தோடு லாரி கிளம்பும், பின்னால் தொட்டி நிறைய உப்பு.